ஸ்லீவ் செய்து இரண்டு வருடம், எடை மறுபடி ஏறுகிறது: கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் குடும்பம். மகளுக்கு 17 வயதில் கோவையில், எடையைக் குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்தது. உயரம் 158 செ.மீ., அன்றைய எடை 118 கிலோ. 15 மாதத்தில் 78 வரை இறங்கியது. இப்போது 19 வயது, கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், எடை 85. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்மா கேட்கிறார்: "குருவி கொறிக்கிற மாதிரிதான் சாப்பிடுறா, அப்புறம் எப்படி ஏறுது? வயிறு மறுபடி விரிஞ்சிடுச்சா? இன்னொரு ஆபரேஷன் வேணுமா?"

முதலில் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வோம். 78 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் உங்கள் மகள் 7 கிலோ ஏறியிருக்கிறாள். 118-ஓடு ஒப்பிட்டால் இன்றைக்கும் 33 கிலோ, அதாவது 28 சதவீதம் குறைவாக இருக்கிறாள். இரண்டாவது கணக்குதான் சரியான கணக்கு. வளரிளம் வயதில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களை அமெரிக்காவில் 'டீன்-லேப்ஸ்' என்ற ஆய்வில் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். மூன்றாம் வருடத்தில் சராசரி எடை இழப்பு 27 சதவீதம். 260 பேரின் பத்து வருட முடிவு 2024-ல் வெளியானது. அதில் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எடைக் கணக்கு, சராசரியாக 20 சதவீதம் குறைந்து நின்றிருந்தது. ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் மகளுக்கு 20 சதவீதம் என்றால் 94 கிலோ. ஆகவே அடிமட்ட எடையிலிருந்து கொஞ்சம் ஏறுவது இந்தச் சிகிச்சையின் இயல்பு, தோல்வி கிடையாது. ஆனால் சராசரி என்பதற்குள் 35 சதவீதத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், முழுவதையும் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 9 மாதத்தில் 7 கிலோ என்ற வேகம்தான் கவனிக்க வேண்டியது. சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். 20 கிலோ ஏறிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

வயிறு விரிந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியாமல் இருந்திருப்பாள். ஒன்று, ஒன்றரை வருடத்தில் பசி திரும்பும். இது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது. கூடவே, 40 கிலோ இழந்த உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு செலவைக் குறைத்துவிடும். எப்போதும் 85 கிலோவிலேயே இருந்த ஒருத்தியைவிட, 118-லிருந்து 85-க்கு வந்தவளின் உடம்பு குறைவாகத்தான் எரிக்கும். அந்தக் குழாயும் கொஞ்சம் தளரத்தான் செய்யும். மூன்றாம் மாதம் இரண்டு ஸ்பூனில் நிறைந்தவளுக்கு இப்போது ஒரு சின்னக் கிண்ணம் பிடிக்கிறது என்றால் அது இயல்பு. அதற்காக இன்னொரு ஆபரேஷன் தேவையில்லை. பழையபடி ஒரு முழுத் தட்டுச் சோறு ஒரே மூச்சில் இறங்குகிறது, அல்லது படுத்தால் நெஞ்செரிச்சலும் இருமலும் புளித்த தண்ணீரும் மேலே வருகிறது என்றால் மட்டும் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்வார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக இருப்பவர்களுக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதுண்டு. அது வேறு காரணம்.

உங்கள் கேள்விக்கு விடை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறது: கொறிப்பது. சின்ன இரைப்பை பெரிய சாப்பாட்டைத் தடுக்கும். கொறிப்பதை அதனால் தடுக்க முடியாது.

நம் மலையில் இது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேக்கரியில் விற்கும் மொறுமொறு வர்க்கி ஒன்றை எடுத்துச் சூடான டீயில் முக்குங்கள். பத்து எண்ணுவதற்குள் ஊறிக் குழைந்து, எடுத்தால் விழுந்துவிடும். ஸ்லீவுக்குள்ளும் அதுதான் நடக்கிறது: மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும் கூழாகி வழுக்கிக்கொண்டு குடலுக்குப் போய்விடும். இரைப்பை நிறைந்ததாக மூளைக்குச் செய்தியே போகாது. நாலு வர்க்கி தின்றாலும் 'சாப்பிட்ட மாதிரியே இல்லை' என்றுதான் இருக்கும். அதே பெண்ணுக்கு ஒரு கிண்ணம் அவித்த அவரைக்கொட்டையைக் கொடுத்துப் பாருங்கள். பாதிக் கிண்ணத்தில் போதும் என்பாள், மூன்று மணி நேரம் பசிக்காது. பிஸ்கட், மிக்சர், சிப்ஸ், ஐஸ்க்ரீம், ஊட்டி சாக்லேட், மில்க் ஷேக் எல்லாம் வர்க்கியின் வகைதான். கறி, முட்டை, பயறு, பனீர் எல்லாம் அவரையின் வகை.

அடுத்தது டீ. 120 மில்லி கண்ணாடி கிளாஸில் பாதி பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 80 கலோரி. குளிருக்கு ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் என்பது நம் வீடுகளில் அதிகமே இல்லை. அது மட்டும் 480 கலோரி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல், ஒரு துளிகூட வயிற்றில் நிற்காமல். குருவி கொறிப்பதாகத் தட்டை மட்டும் பார்க்கிறோம், கிளாஸை யாரும் எண்ணுவதில்லை. டீயை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருப்பவர்களிடம் அப்படிச் சொன்னால் ஒரு வாரம் தாங்காது. ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ், சர்க்கரை இல்லாமல். மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். மற்ற நேரக் குளிருக்கு ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர், சீரகத் தண்ணீர், சுக்குத் தண்ணீர் வைக்கலாம். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இங்கே சர்க்கரைதான், மாற்று அல்ல.

எடை எந்த மாதத்தில் ஏற ஆரம்பித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விடுதிக்குப் போன மாதமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கோத்தகிரியில் பஸ்ஸைப் பிடிக்கவே மேடு ஏற வேண்டும், கடைக்குப் போனால் படி இறங்கி ஏற வேண்டும். உடற்பயிற்சி என்ற பெயரே இல்லாமல் தினமும் நடந்துகொண்டிருந்தாள். கோவை சமதளம். விடுதி, பஸ், வகுப்பு என்று உட்கார்ந்தே நாள் போய்விடும். மெஸ்ஸில் இட்லி, தோசை, சோறு, பரோட்டா எல்லாமே மாவு. சாயங்காலம் தோழிகளோடு பேக்கரி. இந்த வயதில் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இப்படி வீட்டை விட்டுக் கிளம்பும் கட்டத்தில் தடம் மாறக்கூடும்.

இனி என்ன சாப்பிடுவது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம், இது ஆயுளுக்கும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் மட்டும் சோறோ களியோ. ஒரு நாள் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பதினொரு மணிக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர், 6. மதியம் சமைத்த கோழி 75 கிராம், 19. கூடவே அரைக் கிண்ணம் அவரை, 7. சாயங்காலம் ஒரு பிடி பொட்டுக்கடலை, 30 கிராம் என்றால் 6. ராத்திரி பனீர் 75 கிராம், 13. மொத்தம் 63. கறி சாப்பிடாத நாளில் 25 கிராம் உலர்ந்த சோயா உருண்டையை ஊறவைத்துப் பிழிந்து செய்தால் 13 கிராம் கிடைக்கும். இதில் நம் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி: படுகர் வீடுகளில் செய்யும் அவரை உதக்கா மாதிரி, கொட்டை நிறைந்த கெட்டியான குழம்பு வழக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சோற்றின் மேல் ஊற்றும் குழம்பாக நினைக்காமல், அதையே சாப்பாடாக வைத்துப் பக்கத்தில் எலுமிச்சை அளவு ராகிக் களி வைத்தால் போதும். கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள் பட்டர் ஃப்ரூட்டை நல்ல கொழுப்பு என்று நிறையச் சாப்பிடுவார்கள். நல்லதுதான், ஆனால் நாலில் ஒரு பங்கோடு நிறுத்த வேண்டும். பால், சர்க்கரை சேர்த்து ஜூஸ் அடித்தால் அதுவும் மில்க் ஷேக்தான்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். தண்ணீர் சேர்ந்தால் திடமான சாப்பாடும் கரைந்து சீக்கிரம் இறங்கிவிடும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போகிறதா என்று பாட்டிலை அளந்து பார்க்க வேண்டும். சில நேரம் பசி என்று தோன்றுவது தாகமாக இருக்கலாம்.

முடி கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் எனக்கு எடையைவிடக் கவலை தருகிறது. ஆபரேஷன் முடிந்து மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டினால் அது எடை வேகமாகக் குறைந்ததன் அதிர்ச்சி, தானே நிற்கும். இரண்டாம் வருடத்தில் கொட்டினால் இரும்புச் சத்தும் புரதமும்தான் முதல் சந்தேகம். டீன்-லேப்ஸில் மூன்றாம் வருடம் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல், 57 சதவீதம் பேருக்கு, ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்பின் சேமிப்பைக் காட்டும் அளவு, குறைவாக இருந்தது. மாதவிடாய் உள்ள பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமாகக் குறையும். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து 'நார்மல்' என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும், அதனால் ஃபெரிட்டினைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். முடிக்கென்று கடையில் கொடுக்கும் பயோட்டின் மாத்திரையால் இதில் பயனில்லை. அது தைராய்டு பரிசோதனை முடிவையும் தப்பாகக் காட்ட வைக்கும்.

இரத்தச் சோகை இருக்கும் பெண் நடக்க மாட்டாள். களைப்பாக இருக்கிறதென்று இன்னொரு டீ குடிப்பாள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் குடிக்கிற டீ இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். சோகை கூடும், நடை குறையும், எடை ஏறும். இந்தச் சுழலை வெட்டுவதற்குச் சிறந்த இடம் டீ குடிக்கும் நேரம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். இரும்பு மாத்திரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு மணி நேரம்.

மாத்திரை அட்டவணையை இப்படிப் பிரிக்கலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்சியம் சிட்ரேட், 500 மி.கி. மதியம் சாப்பிட்டதும் மல்டிவைட்டமின். சாயங்காலம் இரண்டாவது கால்சியம். தூங்கப் போகும் முன், ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, இரும்பு. மாதவிடாய் உள்ளவர்களுக்கு எல்லா மாத்திரையிலும் சேர்த்து 45 முதல் 60 மி.கி. தனிம இரும்பு தேவை. அட்டைமேல் பெரிதாகப் போட்டிருப்பது உப்பின் எடையாக இருக்கும், 'எலிமெண்டல்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கால்சியமும் இரும்பும் ஒன்றாகப் போனால் இரும்பு ஏறாது. கால்சியம் உணவிலும் மாத்திரையிலுமாக 1200 முதல் 1500 மி.கி., ஒரே வேளையில் 600-க்கு மேல் வேண்டாம். பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாக, அல்லது மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசி. விடுதிப் பெண்ணுக்கு ஊசிதான் நம்பகம், மறக்காது. வைட்டமின் டி தினம் 3000 யூனிட் அளவில். இங்கே 60,000 யூனிட் சாஷே கொடுப்பதுதான் வழக்கம். அது வாரம் ஒன்று, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை பாதிக்கப்படுவது நடக்கக்கூடிய விஷயம்.

வருடத்துக்கு ஒரு முறை இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பிடிஹெச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்), கல்லீரல், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு. குறை இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இதற்காக ஒவ்வொரு தடவையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. விடுமுறைக்கு வரும்போது கோத்தகிரியிலோ ஊட்டியிலோ இரத்தம் கொடுத்துவிட்டு, அறிக்கையை ஆபரேஷன் செய்த குழுவுக்கு அனுப்பிப் போனில் பேசலாம். மலையிறங்கும் சிரமத்துக்காகப் பரிசோதனையையே விட்டுவிடுவதுதான் தவறு. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபடும் ஊர் இது. ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: நீலகிரியின் ஆதிவாசிக் குடும்பங்களில் அரிவாள் செல் நோய் இருக்கிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சோகை என்றால், இரும்பு கொடுக்கும் முன் அந்தப் பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும்.

அவசரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முறை வாந்தி எடுப்பது பயப்பட வேண்டியதல்ல. கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் திட உணவு வேண்டாம், முன் சீட்டில் உட்காரட்டும். ஆனால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வாந்தி, சாப்பாடும் மாத்திரையும் நிற்கவில்லை என்றால் தயாமின், அதாவது பி1, சீக்கிரம் தீர்ந்துபோகும். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, குழப்பமாகப் பேசுவது அதன் அறிகுறிகள். இந்த நேரத்தில் நம் ஊரில் முதலில் செய்வது கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவது. தயாமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். "ஸ்லீவ் ஆபரேஷன் ஆன பொண்ணு, குளுக்கோஸுக்கு முன்னாடி தயாமின் ஊசி போடுங்க" என்ற வரியை ஒரு சீட்டில் எழுதி அவள் போன் கவருக்குள் வைத்துவிடுங்கள்.

நடைக்கு வருவோம். இறங்கிய எடையைப் பிடித்து வைக்க வாரம் 200 முதல் 300 நிமிடம் வேகநடை வேண்டும். மூச்சு வாங்கும் காரணம் தெரிந்து, இரும்பு சரியாகத் தொடங்கிய பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். கோவையில் மேடு இல்லை என்றால் விடுதி மாடிப்படி இருக்கிறது. வீட்டுக்கு வரும் நாட்களில் தோட்டத்து வழியில் பகலில் மட்டும் நடக்கட்டும். கரடியும் காட்டு மாடும் திரியும் ஊரில் அதிகாலை, அந்தி நடை வேண்டாம். நடையைவிட முக்கியமாக, அதிகம் பேர் விட்டுவிடுவது தசைப் பயிற்சி. வாரம் மூன்று நாள் 20 நிமிடம்: நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது 10 முறை, மூன்று சுற்று. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போயிருக்கும். தசை திரும்பினால் சும்மா இருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிக்கும்.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே மிஷினில், காலையில் வெறும் வயிற்றில். அடிமட்டத்திலிருந்து 3 கிலோ ஏறினால் டீயும் கொறிப்பும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். 5 கிலோ என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள், ஆகவே இந்த மாதமே பேசுங்கள். 'ஐந்து நாள் வெறும் தண்ணி ஆகாரம், வயிறு சுருங்கிடும்' என்று சொல்லும் முறைகளால் இரைப்பை சுருங்காது, தசைதான் கரையும். இவ்வளவும் சரியாகச் செய்து மூன்று மாதத்தில் ஏற்றம் நிற்காவிட்டால் மருந்து உண்டு. பசியைக் குறைக்கும் லிராகுளுடைடு ஊசி ஆபரேஷனுக்குப் பின்னும் வேலை செய்வதைப் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதே மாதிரியான செமாகுளுடைடும் டிர்செபடைடும் 2025-ல் பெரியவர்களின் எடைக்காக இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. நிறுத்தினால் எடை திரும்பும், பசி அடங்குவதில் புரதமும் குறைந்துபோகும். டாக்டர் மேற்பார்வையில் மட்டும்தான். இந்த மருந்து தேவைப்படுவது பிள்ளையின் குற்றமல்ல.

அவளிடம் தனியாக, திட்டாமல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: ராத்திரியில் யாருக்கும் தெரியாமல், நிறுத்த முடியாமல் சாப்பிடுகிறாளா? அப்படியென்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, மனநல நிபுணரிடம். உடனே பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் பேசலாம். கல்யாண வீட்டில் "மறுபடி குண்டாயிட்டாளே" என்று சொல்லும் சொந்தக்காரரை நிறுத்த வேண்டியது நீங்கள்தான், அவளால் முடியாது. தொங்கும் தோலைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொல்லாத வருத்தமும் இருக்கலாம். மதுவைப் பற்றியும் பேசிவிடுங்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் குறைந்த அளவே வேகமாகத் தலைக்கேறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடுதல். எடை குறைந்தால் மாதவிடாய் சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். கல்யாணப் பேச்சு வந்தால் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் சரியான பிறகே குழந்தை என்று இருவரும் தெரிந்திருக்கட்டும்.

டாக்டரைப் பார்க்கும் முன் இரண்டு வாரம் அவளே ஒரு சின்ன நோட்டில் எழுதட்டும்: வாயில் போனது எல்லாம், டீ எத்தனை கிளாஸ், எந்த நேரம், அப்போது பசித்ததா இல்லையா. அந்த நோட்டும் புது ஃபெரிட்டின் அறிக்கையும் கையில் இருந்தால் ஆலோசனைக்கு உருப்படியான தொடக்கம் கிடைக்கும். விடுதி அலமாரியில் இப்போதைக்கு இவை இருக்கட்டும்: பொட்டுக்கடலை ஒரு டப்பா, முட்டை அவிக்க ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் (வார்டன் சம்மதித்தால், இல்லாவிட்டால் மெஸ்ஸில் தினம் இரண்டு அவித்த முட்டைக்குத் தனியாகப் பணம் கட்டிவிடலாம்), நாலு அறை உள்ள மாத்திரைப் பெட்டி, ஒரு லிட்டர் ஃபிளாஸ்க். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது வழக்கமாக வாங்கி வைக்கும் வர்க்கிப் பொட்டலத்துக்குப் பதிலாக, சூடாக அவரைக் கிண்ணம் காத்திருக்கட்டும்.